போன் ஹொட்ஸ்பொட்டா, சிம் ரவுட்டரா?

லப்டொப்புக்கு போன் நெற்றை வைஃபையா பகிர்ந்தா (ஹொட்ஸ்பொட்) காணுமா, இல்லாட்டி சிம் போட்டு வைஃபை தாற 4ஜி சிம் ரவுட்டர் ஒண்டு தனியா எடுக்கோணுமா எண்டு கம்பஸ் பெடியள் கனபேர் கேக்கினம்.

செலவு: ஹொட்ஸ்பொட்டுக்கு ஒண்டும் வாங்கத் தேவையில்ல. ரவுட்டருக்கு பெட்டியும் வாங்கோணும், ரெண்டாவது சிம்முக்கு மாசாமாசம் காசும் கட்டோணும்.

சிக்னல்: இதிலதான் ரவுட்டர் வெல்லுது. போன் உங்கட மேசையிலதான் கிடக்கும், ரவுட்டரை ரோட்டுப்பக்க யன்னலில உயரத்தில வச்சு விடலாம், யாழ்ப்பாணத்தில கொக்குவில் பக்கம் தடிச்ச சுவர் உள்ள பழைய வீடுகளுக்கு இது பெரிய விசயம், சூம் வகுப்பு நிண்டு நிண்டு போறது குறையும்.

கறண்ட் போனா: போன் வேலை செய்யும். ரவுட்டர் நிண்டிடும், கனக்க மொடல் 12 வோல்ட் எண்டபடியா மினி யூபிஎஸ் (கறண்ட் இல்லாத நேரம் ரவுட்டரை ஓட்டுற சின்னப் பற்றரிப் பெட்டி) ஒண்டு காணும், வோல்ட்டும் வயர் குத்துற பின்னும் ரவுட்டருக்குப் பொருந்துதா எண்டு பாத்து வாங்குங்கோ.

பற்றரி: ஹொட்ஸ்பொட் போனைச் சுட வச்சிடும், அதால போனை வயரால லப்டொப்பில குத்தி யூஎஸ்பி டெதரிங் (வயர் வழியா போன் நெற்றைக் குடுக்கிறது) போடுங்கோ, சார்ஜும் ஏறும். விண்டோஸில மீட்டர்ட் கனெக்சனையும் (டேற்றாவைக் குறைச்சுப் பாவிக்கச் சொல்லுற செற்றிங்) ஒன் பண்ணுங்கோ, இல்லாட்டி அப்டேற் வந்து டேற்றாவை விழுங்கிடும்.

அறை எடுத்துத் தனிய இருக்கிற ஆளுக்கு போனே காணும். வீட்டில மூண்டு நாலு பேர் ஒரே நேரம் பாவிச்சா ரவுட்டரை எடுங்கோ, யோசிக்கவே வேண்டாம்.