ஏழு வருடமாகக் கைபேசியில் கப்பல் பார்க்கிறேன்

2018 ஆகஸ்டில் கேரளத்தின் முனம்பத்துக்கு மேற்கே 'ஓஷானிக்' போட்டில் ஒரு கப்பல் மோதியது. இறந்தவர்களில் பலர் எங்கள் குமரி மாவட்டத்துக்காரர்கள். அந்த வாரம்தான் கப்பல்களைக் காட்டும் செயலியைக் கைபேசியில் ஏற்றினேன். என் அண்ணன் சின்னத்துறையிலிருந்து தங்கல் தொழிலுக்குப் போகிறவர். போனால் திரும்ப இருபது, முப்பது நாள் ஆகும்.

முதல் வருடம் அதைத் தப்பாகத்தான் படித்தேன். கரையோரம் புள்ளிகள் நெருக்கமாக இருக்கும், வெளியே போகப்போகக் கடல் காலி. "தெற்கே கப்பலே இல்லை" என்று சொல்லி அனுப்பினேன். திரும்பி வந்ததும் அண்ணன், "இல்லைன்னு சொன்னியே, ராத்திரி முழுக்க வரிசையா லைட்டு போச்சு" என்றார். அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை.

காரணம் இதுதான். சர்வதேசப் பயணம் போகும் 300 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்கள் ஏ.ஐ.எஸ். கருவி வழியாகத் தங்கள் இடத்தையும் வேகத்தையும் சொல்லிக்கொண்டே போகும். கரையில் உள்ள ஆன்டெனாவுக்குச் சுமார் 40 கடல் மைல் வரைதான் எட்டும். அதற்கு அப்பால் செயற்கைக்கோள்தான் பிடிக்க வேண்டும். நான் வைத்திருந்த இலவசக் கணக்கில் அது கிடையாது. இப்போது சந்தா கட்டுகிறேன். அதிலும் 'கடைசியாகக் கிடைத்த நேரம்' என்பதைப் பார்க்காமல் எந்தப் புள்ளியையும் நம்புவதில்லை. மணிக்கு 15 கடல் மைல் வேகத்தில் போகிற கப்பல் நாலு மணி நேரத்தில் 60 கடல் மைல் தள்ளிப் போயிருக்கும்.

உண்மையில் உதவியது பழைய தடங்கள்தான். மாதாமாதம் எடுத்து வைத்த படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தபோது, இலங்கையின் தென்முனையைச் சுற்றி லட்சத்தீவின் மினிக்காய்க்கு வடக்கே போகும் பாதை கயிறு போலத் தெரிந்தது. அதைத் தாளில் வரைந்து கொடுத்தேன். அந்தக் கோட்டுக்குக் குறுக்கே இரவில் அண்ணன் தூண்டில் விடுவதில்லை. 2024 முதல் கேரளத்தின் விழிஞ்ஞம் துறைமுகத்துக்குக் கப்பல்கள் வருவதால் மேற்கே புதிதாக ஒரு கோடும் போட வேண்டியிருந்தது.

ஏ.ஐ.எஸ். அணைத்த கப்பலை சென்டினல்-1 செயற்கைக்கோளின் ரேடார் மேகத்தையும் இருட்டையும் தாண்டிப் பிடிக்கும். ஆனால் ஒரு செயற்கைக்கோள் அதே தடத்துக்கு 12 நாளைக்கு ஒருமுறைதான் வரும், அன்றைய இரவுக்கு உதவாது.

ஒக்கி புயலுக்குப் பிறகு போட்டுகளுக்கு வந்த டிரான்ஸ்பாண்டர், அதாவது செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவி, பெரிய ஆறுதல்; டவர் இல்லாத இடத்திலிருந்தும் செய்தி வருகிறது. ஆனால் அது பேசுவது கரையோடு. கப்பல்காரர் திரையில் நம் போட் தெரிய வேண்டுமென்றால் போட்டிலும் ஏ.ஐ.எஸ். வேண்டும். அண்ணன் போட்டில் போன வருடம் வாங்கி வைத்தார்கள்.

ஜூன், ஜூலை தடைக்காலத்தில் சந்தாவை நிறுத்திவிடுவேன். ஆகஸ்டில் தேங்காப்பட்டணத்திலிருந்து அந்தப் புள்ளி கிளம்பும்போது மறுபடி கட்டுவேன்.