ஸ்காட்டிஷ் பப்: லாஸ் ஏஞ்சலஸில் ஒன்று, எடின்பரோவில் மூன்று

நுழைந்ததுமே 'அடடா, ஸ்காட்லாந்து!' என்று சொல்லவைக்கிற பப் எனக்குத் தெரிந்து லாஸ் ஏஞ்சலஸில் இருக்கிறது. பெயர் டாம் ஓ'ஷான்டர். ஸ்காட்டிஷ் கவிஞர் ராபர்ட் பர்ன்ஸின் கவிதை ஒன்றில் சந்தை நாளில் நேரம் போவது தெரியாமல் குடித்துவிட்டு நள்ளிரவில் குதிரையேறி வீடு திரும்பும் ஆளின் பெயர் அது. அட்வாட்டர் வில்லேஜ் பகுதியில், அதே இடத்தில், ஒரே குடும்பத்தின் கையில் 1922 முதல் நடக்கிறது. கட்டடத்தை வடிவமைத்த ஹாரி ஆலிவர், ஹாலிவுட் படங்களுக்கு செட் போட்டவர். தேவதைக் கதையில் வரும் வீடு மாதிரி கூரை, உள்ளே மங்கலான வெளிச்சம், பார்க்கும் இடமெல்லாம் டார்ட்டன் என்ற ஸ்காட்டிஷ் துணிக் கட்டம். பரிமாறுகிறவர்களின் உடையிலும் அதே கட்டம்தான். வால்ட் டிஸ்னி அடிக்கடி வந்து சாப்பிட்ட மேஜையைக்கூட இன்னும் அடையாளம் காட்டுகிறார்கள்.

ஸ்காட்லாந்தின் தலைநகரான எடின்பரோவின் நல்ல பப்கள் பலவற்றில் இந்த அலங்காரத்தில் கால்வாசியும் இருக்காது. அப்படியானால் எது மேல்? உணவு, உபசரிப்பு, சூழல் என்று மூன்றையும் பிரித்துப் பார்க்க, டாம் ஓ'ஷான்டருக்கு எதிரே எடின்பரோவிலிருந்து மூன்று கடைகளை நிறுத்துகிறேன். ராயல் மைல் என்ற பழைய நகரத்து வீதியில் சுற்றுலாப் பயணிகள் மொய்க்கும் டீக்கன் ப்ரோடீஸ் டேவர்ன், ஃபாரஸ்ட் சாலையில் நாட்டுப்புற இசைக்குப் பேர்போன சாண்டி பெல்ஸ், ஆர்தர்ஸ் சீட் குன்றுக்குப் பின்னால் டடிங்ஸ்டன் கிராமத்தில் இருக்கும் ஷீப் ஹீட் இன். இவற்றை ஒரே தட்டில் வைத்து நிறுப்பது நியாயமா என்று கேட்கலாம். வாடிக்கையாளர் நான்கையும் 'ஸ்காட்டிஷ் பப்' என்ற ஒரே பெயரில்தான் தேடுகிறார், ஒரே அளவுகோலில்தான் நட்சத்திரம் போடுகிறார். பாதி மனக்கசப்பு அங்கேதான் ஆரம்பிக்கிறது.

உபசரிப்பையே எடுத்துக்கொள்வோம். எடின்பரோ பப்களைப் பற்றி வெளியூர்க்காரர்கள் சொல்லும் முதல் குறை, 'உட்கார்ந்து இருபது நிமிஷம் ஆச்சு, ஒருத்தரும் எட்டிப் பார்க்கலை' என்பது. பார்க்க மாட்டார்கள். சாப்பாட்டுப் பகுதி தனியாக இல்லாத பப்பில் நாம்தான் கவுண்டருக்குப் போய்ச் சொல்லி, அங்கேயே காசு கொடுத்து, கிளாஸைத் தூக்கிக்கொண்டு வர வேண்டும். கவுண்டரில் வரிசை எதுவும் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் யாருக்கு அடுத்து யார் என்பது உள்ளே நிற்பவருக்கும் தெரியும், வெளியே நிற்பவர்களுக்கும் தெரியும். கையை ஆட்டிக் கூப்பிட்டாலோ, நோட்டை நீட்டிக் காட்டினாலோ நம் முறை இன்னும் தள்ளித்தான் போகும். கூட்டமாகப் போனால் ஆளுக்கொரு பில் கேட்பதில்லை. ஒரு சுற்று ஒருவர் வாங்க வேண்டும், அடுத்த சுற்று இன்னொருவர். தன் முறை வரும்போது நழுவுகிற ஆளை ஊரே நினைவில் வைத்திருக்கும். இதில் நம்மூர் ஆட்களுக்கு விளக்கம் தேவைப்படாது.

லாஸ் ஏஞ்சலஸில் கதையே வேறு. மேஜைக்கு ஆள் வருவார், பெயர் சொல்லி அறிமுகப்படுத்திக்கொள்வார், தண்ணீர் தீர்வதற்குள் நிரப்புவார். பில்லில் 18 முதல் 20 சதவீதம் டிப்ஸ் வைப்பது அங்கே வழக்கம். எடின்பரோவில் கவுண்டரில் வாங்கும் பியருக்கு யாரும் டிப்ஸ் எதிர்பார்ப்பதில்லை. மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்டால் பத்து சதவீதம் போதும். உபசரிப்பு என்றால் நம்மைக் கவனித்துக்கொள்வது என்று நினைப்பவர்களுக்கு டாம் ஓ'ஷான்டர்தான் சரி. நம்மை நம் பாட்டுக்கு விட்டுவிடுவதும் ஒரு மரியாதை என்று நினைப்பவர்களுக்கு எடின்பரோ. நான் இரண்டாவது கட்சி.

அளவிலும் ஒரு வேடிக்கை உண்டு. பிரிட்டனில் ஒரு பைன்ட் 568 மி.லி., அமெரிக்காவில் 473 மி.லி. விஸ்கிக்கு வந்தால் நிலைமை தலைகீழ்: ஸ்காட்லாந்து பப்பில் ஒரு அளவு 25 அல்லது 35 மி.லி. மட்டுமே, அமெரிக்கர்கள் ஊற்றுவது சுமார் 44 மி.லி. விஸ்கி பிறந்த ஊரில் கிளாஸின் அடியில் மட்டும் ஊற்றிக் கொடுத்தார்கள் என்று புலம்புகிறவர்கள் இந்தக் கணக்கைப் பார்த்துவிட்டுப் புலம்பலாம்.

சாப்பாடு. ஹாகிஸ் இல்லாமல் இந்தப் பேச்சு நகராது. ஆட்டின் இதயம், ஈரல், நுரையீரல் மூன்றையும் பொடியாக அரிந்து, ஓட்ஸ், வெங்காயம், கொழுப்பு, மிளகு சேர்த்து வேகவைப்பது. கூடவே மசித்த டர்னிப்பும் உருளைக்கிழங்கும் வரும், பல கடைகளில் மேலே விஸ்கி சாஸும். வெள்ளைக்காரப் பயணிகள் பலர் இதைத் தைரியப் பரீட்சை போலப் பேசுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் போட்டியும் ஈரலும் சாப்பிட்டு வளர்ந்தவர்களுக்கு இதில் என்ன பயம்? மிளகுக் காரம் தூக்கலாக, மணல்மணலாக, நன்றாகவே இருக்கும். காரக் குழம்பு ஒன்றைத்தான் நாக்கு தேடும்.

இந்த ஒரு பண்டத்தில் லாஸ் ஏஞ்சலஸ் தோற்றே ஆக வேண்டும், அது சமையல்காரரின் குற்றமும் இல்லை. கால்நடைகளின் நுரையீரலை உணவில் சேர்க்க அமெரிக்கா 1971 முதல் தடை விதித்திருக்கிறது. அதனால் அங்கே எந்தக் கடையில் ஹாகிஸ் கிடைத்தாலும் அது நுரையீரல் சேராத ஹாகிஸ்தான். டாம் ஓ'ஷான்டரின் பலம் வேறு: பிரைம் ரிப் என்ற மாட்டிறைச்சி ரோஸ்ட், பக்கத்தில் முட்டை-மாவுக் கலவையைச் சுட்டு உப்பவைத்த யார்க்‌ஷயர் புட்டிங். ரோஸ்ட் அருமையாக இருக்கும். ஆனால் யார்க்‌ஷயர் இங்கிலாந்தில் இருக்கிறது என்பதை டார்ட்டன் திரைகள் யாருக்கும் சொல்வதில்லை.

எடின்பரோ மூன்றில் சாப்பாட்டுக்கு நான் கை காட்டுவது ஷீப் ஹீட் இன்னைத்தான். ஞாயிறு ரோஸ்ட்டுக்கு முன்பதிவு செய்துவிட்டுப் போவது நல்லது. டீக்கன் ப்ரோடீஸில் கீழே பார், மாடியில் சாப்பாடு. மீன் வறுவலும் சிப்ஸும், பை, ஹாகிஸ் என்று எதிர்பார்த்தது எதிர்பார்த்தபடி வரும். மோசம் என்று சொல்ல மாட்டேன், நினைவில் நிற்கும் என்றும் சொல்ல மாட்டேன். ராயல் மைலில் இதைவிட மோசமாகவும் சாப்பிட்டிருக்கிறேன். பெயர் வேண்டாம், ஓரம் கொதிக்கக் கொதிக்க, நடு ஜில்லென்று ஒரு ஹாகிஸ் தட்டு வந்தது. சாண்டி பெல்ஸுக்குச் சாப்பிட என்று யாரும் போவதில்லை. வயிற்றை வேறெங்காவது கவனித்துவிட்டு வர வேண்டிய இடம் அது.

சைவக்காரர்களும் கவலைப்பட வேண்டாம். எடின்பரோவின் மக்ஸ்வீன் நிறுவனம் 1984-இல், ஸ்காட்டிஷ் கவிதை நூலகத்தின் திறப்பு விழாவை ஒட்டி, பருப்பும் காய்கறியும் வைத்து சைவ ஹாகிஸ் செய்தது. இன்று நகரத்துப் பப்களில் அது சர்வசாதாரணம். குடிக்காதவர்களுக்கு ஆரஞ்சு நிறத்தில் அயர்ன்-ப்ரூ என்ற சோடா பானம் இருக்கிறது. ருசியை விவரிக்க முடியாது, ஒருமுறை குடித்துப் பாருங்கள்.

சூழலுக்கு வருவோம். அசல், போலி என்று பிரிக்கப் போனால் இங்கேதான் கால் வழுக்கும். 1746-இல் மலைநாட்டுக் கிளர்ச்சியாளர்கள் தோற்ற கல்லோடன் போருக்குப் பிறகு லண்டன் அரசு ஹைலேண்ட் என்ற அந்த மலைநாட்டின் உடைக்குத் தடை போட்டது; 1782-இல்தான் அதை நீக்கியது. 1822-இல் நான்காம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோ வந்தபோது நாவலாசிரியர் வால்டர் ஸ்காட் முன்னின்று வரவேற்பு ஏற்பாடு செய்தார். மன்னரே கில்ட் என்ற டார்ட்டன் பாவாடையைக் கட்டிக்கொண்டார், நகரமே டார்ட்டனில் மிதந்தது. மலைநாட்டு உடை மொத்த தேசத்துக்கும் அடையாளமாக மாறியதில் அந்த விழாவுக்குப் பெரிய பங்கு. ஆக, ஸ்காட்லாந்தை அலங்கரித்துக் காட்டும் தொழில் எடின்பரோவிலேயே தொடங்கியது. அதற்கு நூறு வருஷம் கழித்துத்தான் ஹாரி ஆலிவர் வந்தார்.

முதலாளிகள் யார் என்று பார்த்தால் இன்னும் வேடிக்கை. 'வேஷம்' என்று நாம் ஒதுக்கும் லாஸ் ஏஞ்சலஸ் கடை குடும்பச் சொத்து. 'அசல்' என்று கொண்டாடும் டீக்கன் ப்ரோடீஸும் ஷீப் ஹீட் இன்னும் பர்மிங்ஹாமைத் தலைமையிடமாகக் கொண்ட மிட்செல்ஸ் அண்ட் பட்லர்ஸ் என்ற பெரிய பப் நிறுவனத்தின் கையில் இருக்கின்றன.

டீக்கன் ப்ரோடீஸில் எனக்குப் பிடித்தது வாசல் பலகைதான். வில்லியம் ப்ரோடி பகலில் தச்சர் சங்கத் தலைவர், நகர மன்ற உறுப்பினர். இரவில் வீடு புகுந்து திருடுகிறவர். 1788-இல் தூக்கில் போட்டார்கள். பலகையின் ஒரு பக்கம் கனவான் ப்ரோடி, மறுபக்கம் திருடன் ப்ரோடி. கதையை வாசலிலேயே படித்துவிடலாம். உள்ளே கோடைக்காலத்தில், அதுவும் ஆகஸ்ட் விழா நாட்களில், நிற்க இடம் கிடைத்தால் பெரிய விஷயம். மழைக்கு ஒதுங்க நல்ல இடம், அவ்வளவுதான்.

ஷீப் ஹீட் இன் தன் வயதை 1360-லிருந்து கணக்குச் சொல்கிறது. கட்டடம் அவ்வளவு பழையதில்லை, ஆனால் கதைகள் பழையவை. ஆறாம் ஜேம்ஸ் மன்னர் 1580-இல் ஆட்டுக்கிடாத் தலையில் செய்த மூக்குப்பொடி டப்பாவைப் பரிசளித்தார் என்பார்கள். 2016-இல் இரண்டாம் எலிசபெத் ராணி இங்கே சாப்பிட வந்தார். பின்பக்கம் பழைய ஸ்கிட்டில்ஸ் விளையாட்டுக்கூடம் இருக்கிறது. பந்தை உருட்டிக் கட்டைகளைச் சாய்ப்பது. குடும்பத்தோடு போகிறவர்களுக்கு மூன்றில் இதுதான் என் தேர்வு. காரில் போவதானால் மட்டும் யோசியுங்கள்: இங்கிலாந்திலும் கலிஃபோர்னியாவிலும் நூறு மி.லி. ரத்தத்தில் 80 மி.கி. ஆல்கஹால்தான் வரம்பு, ஸ்காட்லாந்தில் 2014 டிசம்பரிலிருந்து அது 50. ஹோலிரூட் பூங்கா வழியாக நடந்தே போய்விடலாம், ஏரிக்கரையோரம் அழகான பாதை.

சாண்டி பெல்ஸ் ஒரு சின்ன அறை. டார்ட்டனைத் தேடினால் ஏமாற்றம்தான். மாலையானால் கடைசி மேஜையைச் சுற்றி ஃபிடில், அக்கார்டியன், விசில், கிட்டார் என்று ஒவ்வொருவராக வந்து உட்காருவார்கள். மேடை இல்லை, ஒலிபெருக்கி இல்லை, அறிவிப்பும் இல்லை. ஒருவர் ஒரு மெட்டைத் தொடங்குவார், தெரிந்தவர்கள் சேர்ந்துகொள்வார்கள். எடின்பரோ பல்கலைக்கழகத்தின் ஸ்காட்டிஷ் ஆய்வுப் பள்ளி 1951-இல் தொடங்கியதிலிருந்து, கிராமம் கிராமமாகப் போய்ப் பாட்டுகளைப் பதிவுசெய்தவர்களுக்கு இந்த பப்தான் இரண்டாவது அலுவலகம். அவர்களில் முக்கியமானவர் கவிஞர் ஹேமிஷ் ஹெண்டர்சன். அவர் காலத்தில் இங்கே பாடிப் பழகியவர்கள் வழியாக அந்த வழக்கம் இன்றும் தொடர்கிறது. வாசிப்பவர்களின் நாற்காலியில் உட்காரக் கூடாது, 'அந்தப் பாட்டு வாசிங்க' என்று கேட்கக் கூடாது, போனை அவர்கள் முகத்துக்கு நேரே நீட்டக் கூடாது. இடம் கிடைக்காமல் சுவரில் சாய்ந்து நின்று ஒரு பைன்ட்டை ஒரு மணி நேரம் குடித்தாலும் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். நான்கில் ஒன்றுதான் போகலாம் என்றால் யோசிக்காமல் இங்கே போவேன், பசியோடு போனாலும் சரி.

அப்புறம் ஒன்று. சின்ன வயசாகத் தெரிகிறவர்கள், குறிப்பாக அங்கே படிக்கப் போயிருக்கும் பிள்ளைகள், பாஸ்போர்ட்டைக் கையில் வைத்திருக்க வேண்டும். 25 வயதுக்குக் கீழே தெரிந்தால் அடையாள அட்டை கேட்டே ஆக வேண்டும் என்பது ஸ்காட்லாந்தில் சட்டம். கவுண்டரில் நிற்பவரிடம் வாதாடிப் பிரயோஜனமில்லை.