போலோஞாவா, தூரினா, இங்கிலாந்தா? இத்தாலிய நாவலும் சினிமாவும் படிக்க எது தோது

இருபதாம் நூற்றாண்டு இத்தாலியில் நாவலும் சினிமாவும் ஒன்றோடொன்று பழகியே வளர்ந்தன. நாவலாசிரியர்கள் மொராவியாவும் பஸ்ஸானியும் திரைக்கதைப் பக்கம் போய்வந்தவர்கள். பசோலினி கவிஞராக இருந்து இயக்குநரானவர். ஆனால் இரண்டையும் சேர்த்துப் படிக்கும் ஆசையோடு இத்தாலியப் பல்கலைக்கழகத்துக்குப் போனால், அங்கே பாகப்பிரிவினை எப்போதோ முடிந்துவிட்டது தெரியும். நாவல் ‘லெத்தெரே’ எனும் இலக்கியப் படிப்புக்குப் போனது, சினிமா, கலை, இசை, நிகழ்த்துகலைகளைச் சேர்த்துக் கற்பிக்கும் ‘டாம்ஸ்’ படிப்புக்குப் போனது. இங்கிலாந்தின் இத்தாலிய மொழித் துறைகளில் இந்தப் பிரிவினை இல்லை. அவை சிறிய துறைகள், அதனால் இடைக்காலக் கவிஞர் தாந்தேயும் திரைப்பட இயக்குநர் ஃபெல்லினியும் ஒரே கூரையின் கீழ்தான்.

பஸ்ஸானியின் ‘ஃபின்ஸி-கொந்தீனி தோட்டம்’ நாவலை எடுத்துக்கொள்ளுங்கள். 1962-இல் வந்தது, 1970-இல் இயக்குநர் டி சிக்கா படமாக்கினார். கதையின் யூதக் குடும்பம் நாஜி காலத்தில் ஜெர்மனிக்கு நாடுகடத்தப்படப்போவதை நாவல் முன்னுரையிலேயே சொல்லிவிடுகிறது. அவர்கள் பிடித்துச் செல்லப்படும் காட்சியை பஸ்ஸானி எழுதவே இல்லை. படமோ அதைக் கண்ணெதிரே காட்டுகிறது. பஸ்ஸானி கோபித்துக்கொண்டு திரைக்கதையிலிருந்து தன் பெயரை நீக்கச் சொன்னார். லெத்தெரே மாணவர் இந்த நாவலை, பஸ்ஸானி திரும்பத் திரும்பத் திருத்தி ஒன்றாகத் தொகுத்த, ஃபெர்ராரா நகரைப் பற்றிய மற்ற கதைகளோடு வைத்துப் படிப்பார். டாம்ஸ் மாணவருக்கு இது டி சிக்காவின் பிற்காலப் படங்களில் ஒன்று. நாவல் ஏன் காட்ட மறுத்தது, படம் ஏன் காட்டியது என்ற கேள்வியை ஒரே வாரத்தில் மேசையில் வைத்து, அதையே கட்டுரையாக எழுதிவரச் சொல்வது ஆங்கிலேய வகுப்பு. இந்த விஷயத்தில் என் ஓட்டு இங்கிலாந்துக்குத்தான்.

ஆனால் தேர்வு என்று வந்தால் இத்தாலிதான். அங்கே பெரும்பாலும் வாய்மொழித் தேர்வு. புத்தகங்களை மார்போடு அணைத்தபடி மாணவர்கள் நடைபாதையில் காத்திருப்பார்கள். முறை வந்ததும் உள்ளே போய் உட்கார வேண்டும், பேராசிரியர் ஏதோ ஒரு பக்கத்தைப் புரட்டி “இதைப் பற்றிச் சொல்லுங்கள்” என்பார். முப்பதுக்கு மதிப்பெண், 18 எடுத்தால் தேர்ச்சி. கிடைத்தது பிடிக்கவில்லையா, வேண்டாம் என்று மறுத்துவிட்டு அடுத்த தடவை வரலாம். வகுப்புக்கே வராதவர்களும் பல பாடங்களில் தேர்வுக்கு வரலாம், சரி, அவர்களுக்குக் கூடுதலாக ஒன்றிரண்டு புத்தகம். இங்கிலாந்து பாணிக் கட்டுரை என்றால் தெரிந்த இரண்டு படைப்புகளை வைத்துக்கொண்டு சமாளித்துவிடலாம். இத்தாலிய வாய்மொழித் தேர்வுக்கோ புத்தகப் பட்டியல் முழுவதையும் படித்தே ஆக வேண்டும். குறை என்னவென்றால், பட்ட ஆய்வேடு வரும்வரை பலருக்கு நீளமாக எழுதிப் பழக வாய்ப்பே அமைவதில்லை.

போலோஞாவின் டாம்ஸ் 1971-இல் பிறந்தது, இத்தாலியின் முதல் டாம்ஸ் அதுதான். நாவலாசிரியர் உம்பர்த்தோ எக்கோ குறியியல், அதாவது குறிகள் எப்படிப் பொருள் தருகின்றன என்ற படிப்பு, கற்பித்த இடம். என்றாலும் அங்கே போகச் சொல்வதற்குப் பெரிய காரணம் துறைக்கு வெளியே இருக்கிறது: நகரின் சினிமா ஆவணக் காப்பகமான சினெதேக்கா. அதற்கென்று நூலகமும் திரையரங்கும் உண்டு, பசோலினி ஆவணங்களும் அங்கேதான். பழைய படங்களை மீட்டெடுக்கும் ஆய்வுக்கூடத்துக்கு உலகெங்கிலுமிருந்து படச்சுருள்கள் வருகின்றன. கோடையில் மஜ்ஜோரே சதுக்கத்தில் திரை கட்டி ஊருக்கே படம் போடுகிறார்கள். பாடத்திட்டத்தில் பாதி அந்த ஊர்தான் என்றுகூடச் சொல்வேன். விருப்பப் பாடங்களுக்கென்று இருக்கும் கிரெடிட்டுகளில் சமகால இத்தாலிய இலக்கியத்தை எடுத்துக்கொண்டால் பாகப்பிரிவினைக்கும் ஓரளவு பரிகாரம் ஆயிற்று.

தூரின், நாவல் பக்கம் சாய்கிறவர்களுக்கு. எழுத்தாளர்கள் பவேசே, கின்ஸ்பர்க், கால்வினோ மூவரும் வேலை பார்த்த எய்னாவ்தி பதிப்பகம் 1933-இல் தொடங்கியது அங்கேதான். அதன் பழைய ஆவணங்கள் நகரின் அரசு ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. ஒரு நாவல் அச்சுக்குப் போகும் முன் என்னென்ன பாடுபட்டது என்று தேட விரும்புகிறவருக்கு வேறு ஊர் எதற்கு? தேசிய சினிமா அருங்காட்சியகமும் உண்டு, ஆனால் அதற்காக மட்டும் நான் தூரினைத் தேர்ந்தெடுக்க மாட்டேன்.

அப்புறம் பணம். இங்கிலாந்தில் வெளிநாட்டு மாணவருக்குப் பொதுவாக ஆண்டுக்கு 20,000 பவுண்டுக்கு மேல் ஆகும். மொழிப் படிப்பு பெரும்பாலும் நான்கு ஆண்டு, அதில் ஓராண்டு இத்தாலியில். ஆனால் ஒரு சொல் இத்தாலியன் தெரியாமலும் பல இடங்களில் சேரலாம். இத்தாலிய அரசுப் பல்கலைக்கழகங்களில் இளங்கலை மூன்றே ஆண்டு, கட்டணம் குடும்ப வருமானத்தைப் பொறுத்தது, அதிகபட்சமே சில ஆயிரம் யூரோக்கள்தான். மாநில உதவித்தொகையும் கிடைக்கலாம். ஆனால் இத்தாலியனில் நடக்கும் படிப்புகளுக்குப் பொதுவாக பி2 அளவு மொழி, அதாவது இடைநிலைக்குச் சற்று மேலான தேர்ச்சி, கேட்பார்கள், வாய்மொழித் தேர்வுக்கு அதுவே பத்தாது. காசு குறைவு என்று இத்தாலிக்குப் போகிறவர்கள் மொழிக்கென்று ஓராண்டை முன்கூட்டியே ஒதுக்கிவிடுங்கள். குடும்ப வருமானச் சான்றுகளை மொழிபெயர்த்துச் சான்றுறுதி வாங்கும் வேலையையும் அந்த ஆண்டிலேயே முடித்துவிடலாம். உதவித்தொகைக்கான கடைசித் தேதி உங்கள் விசாவுக்காகக் காத்திருக்காது.