நாகர்கோயில் பழைய புக் கடையில மெனாண்டர் நாடகம் கிட்டிச்சு

வடசேரி பஸ் ஸ்டாண்டுல இறங்கி பைய நடந்தாலே வந்துரலாம், மாடியில உள்ள சின்ன கடைதான், கீழ இருந்து பாத்தா போர்டு சரியா தெரியாது. ஆனா பழைய இங்கிலீஷ் இலக்கியம் தேடுறவங்க நம்ம குமரி மாவட்டத்துல மொதல்ல ஏறிப் பாக்க வேண்டிய கடை இதுவாக்கும். நீட், டிஎன்பிஎஸ்சி கைடு வேணும்னா வேற கடை பாருங்க.

நான் வாங்குனது மெனாண்டர்ங்குற பழைய கிரேக்க காமெடி நாடகக்காரரோட நாடகங்கள், இங்கிலீஷ் மொழிபெயர்ப்பு, 150 ரூபா. கிரேக்க காமெடின்னாலே எல்லாரும் அரிஸ்டோபனீஸைத்தான் சொல்லுவாங்க, அவரு ஏதென்ஸ் தலைவர்களை மேடையில பேரு சொல்லியே கிழிச்சவரு. மெனாண்டர் அவருக்கு சுமார் நூறு வருசம் பிந்தி, கி.மு. 342 வாக்குல ஏதென்ஸ்ல பொறந்தவரு, அந்த காலத்துல ஊரே மாசிடோனியாக்காரன் கைக்குள்ள போயிட்டு, அதனால இவரு நாடகத்துல அரசியல் கொறவு, அப்பன் மவன் சண்டை, காதல், வாய் ஓயாத சமையல்காரன், சின்னதுல தொலைஞ்சு போன பிள்ளை திரும்ப கிட்டுறதுன்னு எல்லாமே வீட்டு விசயம். அரிஸ்டாட்டிலோட சீடர் தியோபிராஸ்டஸ்கிட்ட படிச்சவருன்னு சொல்லுவாங்க. நூறு நாடகத்துக்கு மேல எழுதியும் போட்டியில ஜெயிச்சது எட்டு தடவை தான், கேக்கவே சங்கடமா இருக்கு. பெறவு ரோம்ல காமெடி எழுதுன பிளாட்டஸும் டெரன்ஸும் இவரு கதைகளைத்தான் லத்தீனுக்கு கொண்டு போய் மேடை ஏத்துனாங்க.

அவ்வளவு பேரு வாங்குன மனுசனோட நாடகம் ஒண்ணு கூட முழுசா மிஞ்சல, பல நூறு வருசம் மத்தவங்க எடுத்து சொன்ன வரிகள் மட்டும் தான் கெடந்துச்சு. 1905ல எகிப்துல ஒரு பழைய வீட்டை தோண்டுனப்போ பானைக்குள்ள வக்கீல் பத்திரங்கள் இருந்திருக்கு, அதுக்கு மேல மூடாக்கு போட்டு வச்ச தாளு தான் மெனாண்டர்! கி.மு. 316ல பரிசு வாங்குன 'டிஸ்கோலோஸ்' 1950கள் கடைசியில தான் கிட்டத்தட்ட முழுசா அச்சுக்கு வந்துச்சு. அதுல நேமோன்னு ஒரு சிடுமூஞ்சி விவசாயி, ஒருத்தரையும் அண்ட விடமாட்டாரு, வாளி எடுக்க போயி கெணத்துக்குள்ள விழுந்துருவாரு, அவரு கொணம் தாங்காம விட்டுட்டுப் போன பெண்டாட்டியோட மொத கல்யாணத்து மவன் தான் தூக்கி விடுவான். அடிபட்டு படுத்துக்கிட்டு, யாரு தயவும் வேண்டாம்னு நெனச்சது தப்புன்னு அவரே பேசுற எடம் இருக்கு, அங்க வாசிச்சிட்டு நான் புக்கை மூடி வச்சிட்டேன், எங்க அப்பாவுக்கு அப்பா ஞாபகம்.

இன்னொண்ணு கேட்டியளா, சர்ச்சுக்கு போறவங்களுக்கு தெரிஞ்ச வசனம் தான், 1 கொரிந்தியர் 15:33, "ஆகாத சம்பாஷணைகள் நல்லொழுக்கங்களைக் கெடுக்கும்". பவுல் எழுதுன அந்த வரி மெனாண்டரோட 'தாயிஸ்' நாடகத்துல உள்ளதுன்னு தான் பொதுவா சொல்லுறாங்க. இதை எனக்கு சொன்னதே கடைக்கார அண்ணாச்சி தான், புக்கை கையில தந்துட்டு "இருந்து வாசிங்க, பிடிச்சா மட்டும் காசு தாங்க போதும்"னாரு. ஸ்டூலு, ஃபேன் எல்லாம் உண்டு, யாரும் வெரட்டமாட்டாங்க, இந்த காலத்துல இப்படி ஒரு கடை இருக்கது பெரிய காரியம்.

கொறைன்னா ஈரம். எகிப்து மணலு காஞ்சு கெடந்ததால அந்த தாளெல்லாம் தப்பிச்சுது, நம்ம ஊருல ஆனியிலயும் மழை ஐப்பசியிலயும் மழை, கடைசி ரேக்குல பாதி புக்கு பூஞ்சை பிடிச்சு பக்கம் ஒட்டிப் போயிருக்கு. வாங்கும்போது நடுப்பக்கம் விரிச்சு பாத்து வாங்குங்க, செல்லரிச்சதை அண்ணாச்சியே எடுத்து மாத்தி வச்சிருவாரு. அந்த ரேக்கை செவுத்துல இருந்து கொஞ்சம் தள்ளிப் போட்டா நல்லா இருக்கும், அவருகிட்டயும் சொல்லியிருக்கேன்.

ஜிபே உண்டு, ஞாயித்துக்கிழமை லீவு, பைக் நிறுத்த எடம் கஷ்டம். டெரன்ஸ் நாடகத் தொகுப்பு ஒண்ணு ஜன்னலோர ரேக்குல மேல் தட்டுல கெடக்கு, நல்ல கண்டிஷன், மழைக்கு முன்னால யாராவது எடுத்துக்கிடுங்க.