டிராக்டர் பெட்டி வழியில் கழலாமல் இருக்க: லாக் பின், சங்கிலி – நாள்பட்ட அனுபவம்

பண்ருட்டிப் பக்கம் எங்களுக்குக் கரும்பு. வெட்டு தொடங்கிவிட்டால் எங்கள் இரண்டு சக்கரப் பெட்டி வயலுக்கும் நெல்லிக்குப்பம் ஆலைக்கும் ஓடிக்கொண்டே இருக்கும். பெட்டியை டிராக்டரோடு பூட்டும் பின் என்ற இரும்பு முளை, அது மேலே ஏறாமல் அடியில் மாட்டும் லாக், பூட்டு விட்டாலும் பெட்டியைப் பிடிக்கும் காப்புச் சங்கிலி மூன்றையும் மாற்றிப் பல பருவம் ஓட்டியாயிற்று. எது தாங்கியது, எது தாங்கவில்லை என்று இப்போது நிதானமாகச் சொல்ல முடியும்.

முதலில் லாக். பெட்டி கழல்கிறதென்றால் பெரும்பாலும் பின் முறிந்து அல்ல, பின் மேலே ஏறித்தான். பெட்டியின் முன் கம்பத்து நுனியில் பின் நுழையும் வளையத்துக்கும் பின்னுக்கும் நடுவே இடைவெளி இருக்கும். குழியில் குலுங்கும்போதெல்லாம் பின் இம்மியளவு எழும்பும். பாரம் அச்சுக்குப் பின்னால் கனத்துவிட்டால் பெட்டியின் முன்பக்கமே மேலே தூக்கப் பார்க்கும். வளையம் உரசி உரசிப் பின்னையும் கூடவே ஏற்றும். அடியில் லாக் இல்லாத பின் எவ்வளவு தடியாக இருந்தாலும் நம்ப முடியாது.

லாக்குக்கு முதலில் ஆர் கிளிப்தான் (R எழுத்துபோல் வளைத்த கம்பி) போட்டிருந்தோம். சாலையில் குறையில்லை. ஆனால் வயலுக்குள் கரும்புச் சோகை (காய்ந்த தோகை) அதில் சுற்றிக்கொண்டு இழுக்கிறது, கிளிப் நெளிந்து வெளியே வந்துவிடுகிறது. வளையம் மடங்கிப் பூட்டும் லிஞ்ச் பின்னுக்கு மாறிய பிறகு அந்தத் தொல்லை இல்லை. ஆனால் அதிலும் ஸ்பிரிங் தளரும். வளையத்தை மடக்கும்போது 'டக்'கென்று விரலில் உறைக்க வேண்டும். சொதசொதவென்று விழுந்தால் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்கிவிடுவேன். இவ்வளவு மலிவான பொருளில் மிச்சம் பிடிக்கக் கூடாது.

பின் விஷயத்தில் ஒரே சொல்: கெட்டிப்படுத்திய எஃகுப் பின்னையே வாங்குங்கள். கட்டட வேலைக் கம்பியை வெட்டிப் போடுவதும், போல்ட் போட்டு நட்டை முறுக்குவதும் எங்கள் பக்கம் சாதாரணம். கம்பி வளைந்துவிடும், போல்ட்டின் மரையை வளையம் அறுத்துவிடும். நல்ல பின்னிலும் வளையம் உரசும் இடத்தில் இடுப்புபோல் தேய்வு விழும். கிரீஸைத் துடைத்துவிட்டு நகத்தால் தடவினாலே தெரியும்.

சங்கிலியின் அருமையை ஒரு வாடகைப் பெட்டியில் பார்த்தேன். வாய்க்கால் மேட்டில் ஏறும்போது வளையத்தின் வெல்டிங் விட்டுவிட்டது. பின்னும் லாக்கும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன, பெட்டி மட்டும் தனி. இரண்டு சங்கிலிகளை முன் கம்பத்துக்கு அடியில் குறுக்காகப் போட்டிருந்ததால், கம்பம் மண்ணில் குத்தாமல் அந்தக் குறுக்கிலேயே விழுந்து நின்றது. ஒற்றைச் சங்கிலியாக இருந்திருந்தால் கம்பம் தரையில் குத்தியிருக்கும், பின்னால் ஆள் யாரும் வந்திருந்தால் நினைக்கவே பதறுகிறது.

சங்கிலியைப் பின்னோடு மாட்டாதீர்கள். பின் போனால் அதுவும் போகும். டிராக்டரின் உடம்பில் தனித் துளையில் டி ஷேக்கிளால் (D வடிவ இரும்புக் கொக்கி, வாயைப் பூட்டிக்கொள்ளலாம்) மாட்ட வேண்டும். முழுத் திருப்பத்திலும் விறைக்காத அளவு தளர்வு வேண்டும், தரையிலும் இழுபடக் கூடாது. மாடு கட்டும் சங்கிலியைப் போட்டிருக்கிறார்கள் சிலர். பாரம் ஏற்றிய பெட்டியின் மொத்த எடையைத் தாங்காத சங்கிலி இருந்து என்ன பயன்?

பூட்டியதும் பெட்டிச் சக்கரத்துக்குக் கட்டை வைத்து, முதல் கியரில் மெல்ல ஒரு இழுப்பு இழுத்துப் பார்க்கிறோம். அப்புறம் கழற்றி நிறுத்தும்போது பெட்டியின் முன்பக்கத்தைத் தாங்கும் ஜாக்கிக் காலை மடக்கி, இடது வலது பிரேக் பெடல்களைச் சேர்த்துப் பூட்டினால்தான் தார்ச்சாலைக்குப் போவோம்.

இத்தனைக்கும் பிறகு எனக்குள்ள ஒரே குறை பெட்டியில் பிரேக் இல்லாதது. பாரத்தோடு இறக்கத்தில் பிரேக் அடித்தால் முழு எடையும் டிராக்டரைப் பின்னாலிருந்து நெட்டுகிறது. அதற்குப் பூட்டும் பின்னோ சங்கிலியோ மருந்தல்ல. இறக்கத்துக்கு முன்பே கியரைக் குறைத்து இறங்குகிறோம். அடுத்து வாங்கும் பெட்டி பிரேக் வைத்ததாகத்தான் இருக்கும்.