ரத்தத்தில் எக்ஸோம் பார்ப்பதா, ஆர்என்ஏ பார்ப்பதா?

பிள்ளைக்குப் பரம்பரை நரம்பு நோயாக இருக்குமோ என்று நாகர்கோவிலுக்கும் திருவனந்தபுரத்துக்கும் அலைகிறவர்கள் இந்த இரண்டு மரபணுச் சோதனைகளுக்கும் நடுவே குழம்பிப் போகிறார்கள். இரண்டுக்கும் ரத்தம்தான் எடுப்பார்கள், தேடுவது வேறு.

எக்ஸோம்: புரதத்துக்கான டிஎன்ஏ பகுதிகளில் எழுத்துப் பிழை இருக்கிறதா என்று பார்க்கும்.
ஆர்என்ஏ (மரபணுவிலிருந்து செல் எடுக்கும் நகல்): ஒரு மரபணு எவ்வளவு வேலை செய்கிறது, அந்த நகலின் துண்டுகளை வெட்டி ஒட்டுவதில் கோளாறா என்று காட்டும்.

எக்ஸோம்: ரத்தம் உறையாமல் வைக்கும் சாதாரண ஈடிடிஏ குழாய் போதும்.
ஆர்என்ஏ: சீக்கிரம் சிதைந்துவிடும், அதைக் காக்கும் தனிக் குழாய் வேண்டும். ஊரில் ரத்தம் எடுத்து கூரியரில் அனுப்புவதாக இருந்தால் இதை முதலில் கேளுங்கள்.

முக்கியமானது இதுதான். டிஎன்ஏ எல்லா செல்லிலும் ஏறக்குறைய ஒன்றே, ஆனால் மூளையிலும் தசையிலும் மட்டும் நன்றாக இயங்கும் மரபணுவின் ஆர்என்ஏ ரத்தத்தில் சரியாகக் கிடைக்காது. டூசென் தசைச்சிதைவின் டிஸ்ட்ரோஃபின் மரபணு அப்படித்தான், அதன் ஆர்என்ஏவைப் பார்க்கத் தசைத் துணுக்கு எடுப்பார்கள். அதனால் ரத்த ஆர்என்ஏ நார்மல் என்பதை வைத்து நோயே இல்லை என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள்.

நான் சொல்வது, முதலில் எக்ஸோம். அதில் அர்த்தம் தெளிவில்லாத மாற்றம் வந்து, அந்த மரபணு ரத்தத்திலும் இயங்குகிறது என்றால் ஆர்என்ஏ. ஹண்டிங்டன் (மூளை நரம்புகள் சிதையும் நோய்), எஸ்எம்ஏ (முதுகுத்தண்டு நரம்பு செல்கள் அழிந்து தசை மெலியும் நோய்) என்று டாக்டர் குறிப்பாகச் சந்தேகப்பட்டால் இரண்டும் வேண்டாம், அவற்றுக்கென்றே தனிச் சோதனை இருக்கிறது. அப்புறம், அப்பா அம்மா ரத்தத்தையும் சேர்த்துக் கொடுங்கள், மாற்றம் வழிவழியாக வந்ததா புதிதா என்பது அதில்தான் தெரியும்.