வேலூர் வெயிலுக்கு மொட்டை மாடி: சுருக்கியா, வெள்ளைப் பூச்சா?

ஏப்ரல் கடைசி வாரத்தில் வேலூரில் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். சுவரை விட மொட்டை மாடிதான் அதிக வெயில் வாங்கும். 5 அங்குல கான்கிரீட் தளம் பகலெல்லாம் குடித்த சூட்டை, நாம் படுக்கும் நேரத்தில் அறைக்குள் இறக்கும்.

சுருக்கி, அதாவது தளத்தின் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து போடும் கனமான அடுக்கு, பழைய, உறுதியான வழி. 32 பங்கு செங்கல் ஜல்லிக்கு 12½ பங்கு சுண்ணாம்பு, மணல் கிடையாது. சராசரி 3 அங்குல கனம், வடிகுழாய்ப் பக்கம் சரிவு. ஜல்லி மேல் அடிக்கும் மரக்கட்டை துள்ளித் திரும்பும்வரை அடிக்க வேண்டும். அதன் மேல் தட்டோடு, அதாவது தட்டையான சுடுமண் ஓடு. இன்று பலர் அடிக்க ஆள் இல்லையென்று சுண்ணாம்புக்குப் பதில் சிமெண்ட் கலக்கிறார்கள். அது சுருங்கி வெடிக்கும், வெடிப்பில் தண்ணீர் இறங்கும். இன்னொன்று எடை: சதுர அடிக்கு 12 கிலோவுக்கு மேல் ஏறும். பழைய தளமானால் பொறியாளர் பார்க்காமல் போடக் கூடாது.

சுருக்கி சூட்டைத் தாமதப்படுத்தும், குறைக்கவும் செய்யும். ஆனால் சிவப்புத் தட்டோடு வெயிலை உறிஞ்சுகிறதே! இந்த ஊரில் மே மாத இரவும் வெக்கைதான். தாமதம் மட்டும் போதாது.

வெள்ளைப் பூச்சு, அதாவது மாடிக்கென்றே வரும் கூல் ரூஃப் பெயிண்ட், வெயிலை உள்ளே விடாமல் திருப்பி அனுப்பும். செலவு குறைவு, எடை இல்லை. பாசியைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, வெடிப்பை அடைத்து, பிரைமர், பிறகு குறுக்கும் நெடுக்குமாக இரண்டு கோட். ஐப்பசி, கார்த்திகை மழை ஈரம் முழுக்கக் காய்ந்த பிறகு, மாசி மாதம் அடிப்பதே சரி. ஈரத் தளத்தில் அடித்தால் கொப்புளித்து உரியும். புழுதி படிந்தால் பலன் குறையும். கோடையில் மாதம் ஒருமுறை கழுவுங்கள். வெறும் சுண்ணாம்பு அடிப்பவர்கள் ஆண்டுதோறும் அடிக்க வேண்டியிருக்கும், மழை கரைத்துவிடும்.

புது வீடானால் சுருக்கி போட்டு, தட்டோட்டுக்குப் பதில் வெள்ளைக் கூல் டைல்ஸ் பதியுங்கள். இரண்டின் பலனும் கிடைக்கும். பழைய வீட்டில் கையில் காசு குறைவென்றால் வெள்ளைப் பூச்சே முதலில்.

பூச்சு அடித்தபின் இரவு 9 மணிக்கு நாற்காலியில் ஏறி உள்கூரையில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். கூரை சுடாமல் அறை மட்டும் புழுங்கினால், அடுத்து மேற்குச் சுவரைத் தொட்டுப் பாருங்கள். சாய்வெயிலுக்கு சன்ஷேட் உதவாது. அந்தப் பக்கம் பந்தலோ மரமோதான் வேண்டும்.